ஓரத்து எண்கள்

மார்ச் 3

தம்பி,

பொட்டலத்தைக் கண்டதும் நான் ஏதோ வாங்கி அனுப்பியிருக்கிறேன் என்று அம்மா ஆசைப்பட்டிருப்பாள். இல்லை. உள்ளே இருப்பது இரண்டு பிலிம் சுருள். பீரோவில் போட்டு மறந்துவிடாதே, வந்த அன்றே கழுவு. இந்த ஊரில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவ ஆள் இல்லை. ஒரு கடைக்காரர் சுருளை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன மேடம், மருந்தா?" என்று கேட்டார். ஆகவே வேறு வழியில்லாமல் உன் காலில் விழுகிறேன். ரொம்பக் குளிர்ந்துவிடாதே, பாதி விழுந்ததும் எழுந்துவிட்டேன்.

போன் செய்ய வேண்டாம். உன் குரலைக் கேட்டால் எனக்குக் கை பரபரக்கிறது. கடிதமென்றால் உனக்கும் பாதுகாப்பு.

இங்கே கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் முதலுதவி அறை என்னுடையது. ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி, வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். காலையில் கண்ணில் இரும்புத்தூள் விழுந்தவர்கள் வருவார்கள், மதியம் கையைச் சுட்டுக்கொண்டவர்கள். சாயங்காலம் "சும்மா பார்க்க வந்தேன் சிஸ்டர்" கூட்டம். அந்த ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தால் உனக்கே நாக்கில் எச்சில் ஊறும். கட்டிலை ஓரம் தள்ளிவிட்டு அங்கேதான் படம் எடுக்கிறேன்.

நான் கிளம்பிய அன்று நீ சொன்னதை மறக்கவில்லை. "பன்னிரண்டு படத்துக்காக இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு அலையறே. நான் ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் எடுக்கறேன்." எடுக்கிறாய், சரி. அதை முழுசாகப் பார்த்த ஒரு கல்யாணப் பெண்ணை எனக்குக் காட்டு. என் சுருளில் பன்னிரண்டுதான். அதனால் ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு முன்னால் எதிரே இருப்பவரை நிஜமாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு மேலிருந்து குனிந்து பார்க்கிறேன். அவர் முகத்துக்கு நேரே எதையும் நீட்டுவதில்லை. கொஞ்ச நேரம் விறைப்பாக இருக்கிறார்கள், பிறகு அலுத்துப்போய்த் தங்கள் சொந்த முகத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அப்போது அழுத்துகிறேன். பிலிமும் மூன்று விரல் அகலம். அந்த முகத்தில் எதுவும் விட்டுப்போவதில்லை.

கழுவிப் பார், புரியும். நம் ஸ்டுடியோவின் முன் அறை ஏன் எனக்கு வேண்டும் என்பதும் புரியும்.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

கழுவிவிட்டேன். பிரிண்ட்கள் இத்துடன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருக்கின்றன. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாவின் கண்ணிமையில் மயிரை எண்ணலாம். பூதக்கண்ணாடி வைத்து எண்ணியும் பார்த்தேன், வேலை இல்லாத நேரத்தில்.

ஆனால் இருபத்து நாலில் நாலு ஆடியிருக்கிறது. இதுதான் நான் தலைப்பாடாக அடித்துக்கொள்வது. வாடிக்கையாளர் நாலு பேரிடம், "மன்னிச்சுக்குங்க, நாளைக்கு வாங்க, மறுபடி உட்காருங்க" என்று சொல்வாயா? முன் அறையில் ஒரே ஒரு நாற்காலியும் ஜன்னலும் போதும் என்கிறாய். எனக்கு அங்கே பாஸ்போர்ட் படத்துக்குக் கவுண்டர் வேண்டும், பிரிண்ட் மிஷின் வைக்க இடம் வேண்டும். தச்சர் வந்து அளவெடுத்துவிட்டுப் போய்விட்டார்.

டார்க் ரூமையும் ஒழுங்கு செய்துவிட்டேன். ஹைப்போ பாட்டில் கழுத்தில் நீ மாட்டி வைத்திருந்த அழுக்கு ரப்பர் பேண்டைக் கழற்றி எறிந்தேன். "இருட்டுல கை தடவினாலே தெரியணும்டா" என்று நீ போட்ட சட்டம் உன்னோடு போகட்டும். இப்போது டெவலப்பரும் ஹைப்போவும் ஒரே மாதிரிப் பாட்டிலில், அழகாக லேபிள் ஒட்டி நிற்கின்றன. எனக்குக் கண் தெரியும்.

அம்மா நன்றாக இருக்கிறாள். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

தம்பி


மார்ச் 19

தம்பி,

நாலு ஆடியது உண்மை. அந்த நாலும் முதல் வாரத்தில் எடுத்தது, அப்போது என் கையே ஆடிக்கொண்டிருந்தது. உன்மேல் இருந்த கோபத்தில்தான்.

வா, பந்தயம் கட்டுவோம். இப்போது பட்டறையில் நிற்கும் கப்பலில் மூன்று மாதமாக ஒரே குழு வேலை செய்கிறது. ஸ்டோர் அம்மாவையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். இருபத்தொன்பதாம் தேதி கப்பல் நிற்கும் பள்ளத்தில் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். கப்பல் மிதந்ததும் இவர்கள் மூன்று வேறு பட்டறைகளுக்குப் பிரிந்து போகிறார்கள், மறுபடி ஒன்றாகச் சேர மாட்டார்கள். அவர்களைக் கடைசி நாளில், வேலை முடிந்த கையோடு, பெயிண்டும் கரியுமாக எடுக்கப் போகிறேன். ஒரே சுருள், ஆளுக்கு ஒரு படம். "இன்னொண்ணு எடுத்துக்கலாமா?" என்று யாரையும் கேட்க மாட்டேன்.

பன்னிரண்டும் நன்றாக வந்தால் முன் அறை என்னுடையது. தச்சரை நீயே திருப்பி அனுப்ப வேண்டும், தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னலில் இந்தப் பன்னிரண்டையும் நீயே மாட்ட வேண்டும். ஒன்றே ஒன்று சொதப்பினாலும் கேமராவை உனக்குப் பார்சல் செய்துவிடுகிறேன். அதற்குப் பிறகு முன் அறை என்ற சொல் என் வாயில் வராது.

நான் தோற்க மாட்டேன், அதனால்தான் இவ்வளவு தாராளம்.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

சரி. அம்மா சாட்சி. தச்சரை ஏப்ரல் இருபதாம் தேதி வரச் சொல்லியிருக்கிறேன், ஒத்திப்போட மாட்டேன்.

தம்பி


மார்ச் 30

தம்பி,

இதோ சுருள். முடிந்ததும் சுருளின் நுனிக் காகிதத்தை நாக்கால் நனைத்து நானே ஒட்டினேன். அந்தப் பசையின் கசப்பு இவ்வளவு ருசியாக ஒருநாளும் இருந்ததில்லை.

எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும், கேள். ரேடியோ என்று ஒரு வெல்டர் இருக்கிறான். வாயை மூடவே மாட்டான், அதனால் அந்தப் பெயர். நாற்காலியில் உட்கார்ந்து, நான் குனிந்ததும், அப்படியே அடங்கிப்போனான். சதுரக் கண்ணாடியில் அவன் முகம் மெதுவாகத் தெளிந்து வந்தது. இத்தனை நாளாக அவன் பேசிப் பேசி மறைத்து வைத்திருந்த ஒரு முகம். மூச்சை விட்டேன், அழுத்தினேன். ஒரு 'டிக்', அவ்வளவுதான். "முடிஞ்சுதா சிஸ்டர்? ஒண்ணுதானா? என்னைப் பார்த்தா ஒண்ணு போதும்னு தோணுதா?" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டான்.

ஃபோர்மேன் தாடையில் சிவப்புப் பெயிண்ட் அப்பிக்கொண்டு வந்தார். துடைக்க விடவில்லை. கிரேன் ஓட்டுபவர் நாள் முழுக்க உயரத்தில் தனியாக இருப்பவர், அவருக்குத் தரையில் கண்ணை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. காத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தன் கிரேனைப் பார்த்தார், அப்போது எடுத்தேன். பன்னிரண்டாவது அதுதான்.

எல்லாருக்கும் ஒரு பிரிண்ட் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரத்தில் சம்பளப் பட்டுவாடாவுக்கு ஒருமுறை வருவார்கள், அப்போது கொடுக்க வேண்டும்.

இந்தப் பன்னிரண்டும் நான் இதுவரை எடுத்ததிலேயே நல்லவை. கழுவாமலே எனக்குத் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 7

அக்காவுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. சுருள் வெறுமையாக இருக்கிறது. ஒரு படம்கூட இல்லை, கண்ணாடி மாதிரி இருக்கிறது.

நீ கீழ் லென்ஸின் மூடியைக் கழற்ற மறந்திருக்க வேண்டும். அந்தக் கேமராவில் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக, படம் விழுவது கீழ் லென்ஸ் வழியாக. மூடி இருந்தாலும் பார்க்கிறவருக்குத் தெரியாது. யாருக்கும் நடப்பதுதான். மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

தம்பி


ஏப்ரல் 15

தம்பி,

மூடியைக் கழற்றினேன் என்றுதான் ஞாபகம். கழற்றி சட்டைப் பையில் போட்டேன். ஆனால் அது முந்தின நாளோ என்னவோ. ஒரு வாரமாக அந்த ஒரு நொடியையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்து, இப்போது என் ஞாபகத்தை நானே நம்புவதில்லை.

நேற்று பன்னிரண்டு பேரும் வந்தார்கள். வரிசையாக நிற்க வைத்துச் சொன்னேன். "தப்பு என்னுது. உங்க படம் எதுவும் வரலை." ஃபோர்மேன், "பரவாயில்லம்மா" என்றார். ரேடியோ ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. பதினைந்து வருஷமாக ஊசி போடுகிறேன், யார் முன்னாலும் கண் கலங்கியதில்லை, நேற்று கலங்கியது.

பேச்சு பேச்சுதான். கேமரா தனிப் பார்சலில் வருகிறது, லைட் மீட்டரும் உள்ளே இருக்கிறது. தச்சரை வரச் சொல். முன் அறை உன்னுடையது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வெறும் பிலிமை அனுப்பு. மேஜைக்கு மேலே மாட்டி வைக்கப் போகிறேன், என் வாய்க்கொழுப்புக்கு மருந்தாக.

அக்கா


ஏப்ரல் 23

அக்காவுக்கு,

கேமரா வந்து சேர்ந்தது. தச்சர் மூட்டு வலியென்று வரவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பிலிமை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்? தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். நீ கேட்டதால் வைத்திருக்கிறேன், இத்துடன்.

அம்மா உன்னிடம் பேச வேண்டும் என்கிறாள்.

தம்பி


ஏப்ரல் 29

பிலிம் கிடைத்தது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன்.

ஓரத்து எண்கள் எங்கே?


மே 4

அக்கா,

உனக்குத் தெரிந்துவிட்டது. தெரியும் என்று எனக்கும் தெரியும்.

லென்ஸ் மூடியிருந்தால் படம்தான் இருக்காது. பிலிம் கம்பெனிக்காரன் ஓரத்தில் போட்டு வைத்த எண்களும் பெயரும் டெவலப்பர் பட்டதும் வந்தே தீரும். அவைகூட இல்லையென்றால் தப்பு எடுத்தவள்மேல் இல்லை, கழுவியவன்மேல்.

முதலில் ஹைப்போவை ஊற்றிவிட்டேன். டெவலப்பர் படத்தை வரவழைக்கும், ஹைப்போ மிச்சத்தைக் கரைக்கும். ஹைப்போ முதலில் போனால் எல்லாமே மிச்சம்தான், எல்லாமே கரையும். கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள், அவசரமாக எட்டி எடுத்தேன். லேபிளைப் பார்க்கவில்லை. ரப்பர் பேண்ட் இருந்திருந்தால் கையே சொல்லியிருக்கும். ஊற்றி முடித்த பிறகு வாசனை வந்தது. அதற்குள் முடிந்துவிட்டது.

சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எழுதிய கடிதம் வேண்டுமென்றுதான். பந்தயத்தில் ஜெயிப்பதற்காகக்கூட இல்லை அக்கா. 'எனக்குக் கண் தெரியும்' என்று எழுதிவிட்டு, உன்னிடம் எப்படிச் சொல்வது?

பிலிமை அனுப்புவதற்கு முன் கத்திரிக்கோலை எடுத்தேன், ஓரத்தை வெட்டிவிடலாம் என்று. இரண்டு தடவை எடுத்தேன். நீ அவர்கள் முன்னால் கண் கலங்கி நின்றதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு வெட்ட முடியவில்லை.

தச்சருக்கு மூட்டு வலி இல்லை. நான்தான் வர வேண்டாம் என்றேன்.

என்ன சொன்னாலும் செய்கிறேன்.

தம்பி


மே 10

டேய்,

மூன்று நாள் உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பி மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பிலிம் போனதற்குக் கோபம் இல்லை. கை தவறுவது எனக்கும் தெரியும், நானும் ஒரு சுருளை வெளிச்சத்தில் திறந்தவள்தான். ஆனால் என் ஞாபகத்தை நானே சந்தேகப்படும்படி செய்தாய் பார், அதை நினைத்தால் உன் காதைத் திருக வேண்டும் போலிருக்கிறது. ஒரு மாதம் நான் தூங்கவில்லைடா.

என்ன சொன்னாலும் செய்வாயா? செய். கேமரா உன்னிடம்தான் இருக்கிறது. பன்னிரண்டு பேரும் எந்தெந்தப் பட்டறையில் இருக்கிறார்கள் என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீயே போ. ஒவ்வொருவரிடமும் தப்பு யாருடையது என்று உன் வாயாலேயே சொல். பிறகு உட்கார வைத்து எடு. அதே விதிதான், ஒரே சுருள், ஆளுக்கு ஒன்று. கல்யாணத்தில் எடுக்கிறாற்போல் பொரிந்து தள்ளாதே.

முடிகிற வரைக்கும் சுருளைக் கேமராவிலிருந்து எடுக்காதே.

அக்கா


மே 26

அக்கா,

முதல் பட்டறையில் ஆறு பேர் முடிந்தது.

உன் கேமராவைத் திட்டிக்கொண்டே ஆரம்பித்தேன். கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரிகிறது, ஆள் வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் ஓடுகிறார். முதல் ஒரு மணி நேரம் குடித்தவன் மாதிரி ஆடிக்கொண்டிருந்தேன். ஸ்டோர் அம்மா சிரித்து மாய்ந்துவிட்டார்.

அடுத்து ரேடியோ. விஷயத்தைச் சொன்னதும் அவன் கேட்டான், "நீயா அது? சிஸ்டர் எங்க முன்னாடி கண்ணு கலங்கி நின்னாங்க, தெரியுமா உனக்கு?" தெரியும் என்றேன். "தெரிஞ்சுமா?" என்றான். கேமராவைக் கழுத்தில் மாட்டினேன். நாற்காலியில் வந்து உட்கார்ந்து என்னை முறைத்தான். நான் குனிந்தேன். அவனை நேருக்கு நேர் பார்க்க என்னால் முடிந்திருக்காது, கண்ணாடியில் பார்க்க முடிந்தது. ரொம்ப நேரம் பார்த்தேன். முறைப்பு தளர்ந்தது, எதையோ யோசிக்க ஆரம்பித்தான். அங்கே அழுத்தினேன்.

அழுத்தியதும் என் கை தானாகக் கேமராவின் முதுகைத் திருப்பியது, படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க. அங்கே திரை ஏது? அவன் பார்த்துவிட்டான். "என்ன தேடறே?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். எத்தனை வருஷமாக எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டு எடுக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. மீதி நாலு பேரையும் அவசரப்படாமல் எடுத்தேன். நாள் முழுக்க ஆறே படம். உடம்பு அலுத்துப்போய், மனசு நிறைந்து போய்த் திரும்பினேன்.

தம்பி


ஜூன் 6

அக்கா,

பதினொன்று ஆகிவிட்டது. ஃபோர்மேன் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டில் இருக்கிறார். தேடிப் போனேன். வெள்ளைச் சட்டை, மழுங்கச் சவரம் செய்த தாடை. நீ எடுத்த அந்தச் சிவப்புப் பெயிண்ட் முகம் இனிமேல் யாருக்கும் கிடையாது. அதைப் பார்த்தபோதுதான் நான் எதைக் கரைத்தேன் என்று முழுசாகத் தெரிந்தது. இருக்கிற முகத்தை எடுத்தேன், நன்றாகவே எடுத்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் அது வேறு படம்.

கிரேன்காரர் கிடைக்கவில்லை. வேறு நாட்டில் வேலை கிடைத்துக் கப்பலேறிவிட்டாராம், விலாசம் தெரியவில்லை. ஒரு படம் மிச்சம் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

தம்பி


ஜூன் 11

தம்பி,

கேமராவை எடுத்துக்கொண்டு இங்கே வா. பன்னிரண்டாவதை நான் எடுக்கிறேன். அந்த நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்று உனக்கே தெரியும். சவரம் செய்துகொண்டு வராதே.

அக்கா


ஜூன் 20

தம்பி,

என் சாப்பாட்டு மேஜையில் சுருளை வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஓடினாயே, மறந்துவிட்டதாக நடிக்காதே. நீ எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டாய். "நீயே வேற யார்கிட்டயாவது கொடுத்துக் கழுவிக்கோ" என்று வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லை, அதனால்தானே?

இத்துடன் அனுப்புகிறேன். நீயே கழுவு.

கூடவே உறையில் ஒரு சின்னப் பொருள் இருக்கும், அதை எங்கே மாட்ட வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அக்கா


ஜூன் 27

அக்கா,

கழுவிவிட்டேன்.

கடையைப் பூட்டிவிட்டுக் கழுவினேன். பாட்டிலை எடுப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் தடவிப் பார்த்தேன். நீ அனுப்பியது ஒன்று, போதாதென்று நானாக இன்னொன்று, ஹைப்போவில் இப்போது இரண்டு ரப்பர் பேண்ட் இருக்கிறது. அம்மா வாசலில் நின்று, "வந்துச்சா, வந்துச்சா?" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

தண்ணீர் சொட்டச் சொட்டப் பிலிமை விளக்கில் பிடித்தபோது முகங்களைப் பார்க்கவில்லை, ஓரத்தைத்தான் பார்த்தேன்.

பிரிண்ட்கள் காய்கின்றன. ரேடியோ நன்றாக வந்திருக்கிறான், என்னை முறைக்க மறந்த அந்த நொடி அப்படியே இருக்கிறது. ஸ்டோர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார், அது என் ஆட்டத்தைப் பார்த்த சிரிப்பு. ஒன்றும் ஆடவில்லை. பன்னிரண்டாவதில் நான் நிமிர்ந்து பார்த்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, குனிந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ அவ்வளவு நேரம் எதற்குக் காத்திருந்தாய் என்று இப்போது தெரிகிறது.

உன் பந்தயத்துக் கணக்குப்படி ஒரு ஆள் குறைகிறார், ஒரு முகம் மாறிவிட்டது, அதனால் நீ ஜெயிக்கவில்லை. நான் ஜெயிக்கவே இல்லை. ஆகவே முன் அறை விஷயத்தை அம்மாவிடம் விட்டேன். அவள் கண்ணாடி ஜன்னலில் பன்னிரண்டையும் மாட்டச் சொல்லிவிட்டு, முன் அறை நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். "அவ வந்து எடுக்கட்டும்" என்கிறாள். எழுந்திருக்கச் சொன்னால் கேட்கவில்லை. என் கவுண்டரைப் பக்கத்து அறைக்கு மாற்றிக்கொண்டேன்.

ஏப்ரலில் ஒரே வரியில் கேட்டிருந்தாயே, அதற்குப் பதில். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா எண்ணும் இருக்கிறது.

தம்பி